இரண்டு வாய், ஒரு கதை: 'பேட் பிளட்' எபிசோடை நாலு பேராக உட்கார்ந்து பேசுவது எப்படி

'எக்ஸ்-ஃபைல்ஸ்' என்ற அமெரிக்க டிவி தொடரின் ரசிகர்கள் நாலு பேர் ஒரு வீட்டில் கூடிவிட்டால் வேற்றுக்கிரகவாசிகள், அரசாங்கச் சதி, நாயகன் மல்டரின் தங்கை என்று பேச்சு நடுராத்திரி தாண்டியும் ஓடும். அதே நாலு பேரிடம் அந்தத் தொடரின் சிரிப்பு எபிசோடு ஒன்றைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். "அந்த இடம் செம", "ஆமா, அதுக்கு அடுத்த இடமும் செம" என்பதோடு பத்தே நிமிடத்தில் பேச்சு அடங்கிவிடும். எனக்கு இது ரொம்ப நாள் மனக்குறை. அந்தத் தொடரில் எழுத்தும் நடிப்பும் உச்சத்தில் இருக்கிற எபிசோடுகளில் பாதி சிரிப்பு எபிசோடுகள்தான். அவற்றைப் பேசாமல் விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

சிரிப்பைப் பேச ஒரு வழி இருக்கிறது. ஏன் சிரித்தோம் என்று விளக்கப் போகாதீர்கள். பார்த்ததைத் திருப்பிச் சொல்லுங்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கட்டும். பேச்சு தானாகவே சூடு பிடிக்கும். இதற்கென்றே செய்துவைத்த மாதிரி இருக்கிற எபிசோடு 'பேட் பிளட்'. ஐந்தாவது சீசனில் பன்னிரண்டாவது. 1998 பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவில் ஃபாக்ஸ் சேனலில் வந்தது. எழுதியவர் வின்ஸ் கில்லிகன், பத்து வருடம் கழித்து 'பிரேக்கிங் பேட்' தொடரைத் தொடங்கிய அதே கில்லிகன். இயக்கியவர் கிளிஃப் போல். கூட்டத்தை நடத்தப் போகிறவர் கதையை முழுசாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதால் இங்கே எல்லாவற்றையும் உடைத்துச் சொல்கிறேன். வரப்போகிறவர்களிடம் இதைக் காட்டிவிடாதீர்கள்.

கதை இதுதான். டெக்சாஸில் சேனி என்ற சின்ன ஊர். மாடுகள் ரத்தம் வற்றிச் செத்துக் கிடக்கின்றன. அப்புறம் ஒரு சுற்றுலாப் பயணி, கழுத்தில் இரண்டு பல் தடத்தோடு. எஃப்.பி.ஐ. ஏஜெண்டுகள் மல்டரும் ஸ்கல்லியும் போகிறார்கள். எபிசோடின் முதல் நிமிடத்திலேயே மல்டர் இருட்டில் ஒருவனைத் துரத்திப் பிடித்து நெஞ்சில் மரக்கட்டையை இறக்கிவிடுகிறான். ரத்தக்காட்டேரியைக் கொன்றுவிட்டதாக அவன் நினைக்கிறான். ஓடிவந்த ஸ்கல்லி, செத்தவன் வாயிலிருந்து பொய்ப் பல்லைக் கழற்றிக் கையில் கொடுக்கிறாள். செத்தவன் பீட்சா கொண்டுவரும் பையன் ரோனி. அடுத்த நாள் ஆபீசில் இருவருக்கும் வயிற்றைக் கலக்குகிறது. ரோனியின் குடும்பம் 44 கோடியே 60 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போடப் போகிறது. மேலதிகாரி ஸ்கின்னரிடம் அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் இருவரும் ஒரே மாதிரி சொல்கிறோமா என்று ஒத்திகை பார்க்கிறார்கள். முதலில் ஸ்கல்லி அவள் பார்த்ததைச் சொல்கிறாள். அப்புறம் மல்டர் அவன் பார்த்ததைச் சொல்கிறான். ஒரே சம்பவம்தான். ஆனால் கல்யாண வீட்டில் நடந்த சண்டையை மாப்பிள்ளை வீட்டார் சொல்வதற்கும் பெண் வீட்டார் சொல்வதற்கும் உள்ள தூரம்.

யாரைக் கூப்பிடுவது என்பதில்தான் பாதி வெற்றி. ஐந்து பேர் நல்ல எண்ணிக்கை, ஏழுக்கு மேல் போனால் வாய் திறக்காத ஒருவர் மூலையில் உட்கார்ந்துவிடுவார். ஒருவராவது இந்தத் தொடரைப் பார்த்தே இராதவராக இருக்க வேண்டும். இது ரொம்ப முக்கியம். எங்கள் கூட்டத்தில் அந்த இடம் என் கணவருக்கு. மற்றவர்கள் என் அக்கா மகள், அவளுடைய கல்லூரித் தோழி, அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் என் பள்ளித் தோழி, எதிர்வீட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வாத்தியாருக்கு இந்தத் தொடர் 1993-ல் தொடங்கியதிலிருந்து மனப்பாடம். சின்னப் பிள்ளைகள் வேண்டாம். சிரிப்பு எபிசோடு என்றாலும் பிரேதப் பரிசோதனை வருகிறது, குடலும் ஈரலும் தட்டில் வருகிறது.

புதியவருக்கு முன்கதை சொல்லும்போது வாயைக் கட்ட வேண்டும். மல்டர் பேய் பிசாசு எல்லாவற்றையும் நம்புகிறவன். ஸ்கல்லி டாக்டர், கண்ணால் பார்த்தாலும் ஆதாரம் கேட்பவள். இருவரும் ஐந்து வருடமாகச் சேர்ந்து வேலை செய்கிறார்கள். ஸ்கின்னர் அவர்களுடைய பெரிய ஆபீசர். இவ்வளவு போதும். இதற்கு மேல் ஒரு வரி சொன்னாலும் தொடரின் பதினொரு சீசன் வரலாறும் வெளியே வரத் தொடங்கிவிடும், பார்க்க வந்தவர் களைத்துவிடுவார்.

உட்கார்வதற்கு முன்னால் கட்சி பிரித்துவிடுங்கள். பாதிப் பேர் ஸ்கல்லி கட்சி, பாதிப் பேர் மல்டர் கட்சி. சீட்டுக் குலுக்கிப் போடுவது நல்லது. பிடித்தவர் பக்கம் போகவிட்டால் எல்லோரும் ஒரே பக்கம் குவிவார்கள். புதியவருக்குக் கட்சி கிடையாது. அவர்தான் ஸ்கின்னர். படம் முடிந்ததும் இரண்டு கட்சியும் அவரிடம்தான் அறிக்கை கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாடு வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் பேச்சுக்கு உயிர் வந்தது. எல்லாம் தெரிந்த ரசிகர்கள் தங்களுக்குள் பேசும்போது அரைவாக்கியம் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஒன்றும் தெரியாத ஒருவருக்குச் சொல்லும்போது முழுசாகச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. முழுசாகச் சொல்லும்போதுதான் சொல்கிறவரின் சாய்வும் தெரிகிறது.

ஆளுக்கொரு காகிதம், பேனா. என்ன எழுதச் சொல்வது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கருத்து எழுதக் கூடாது. கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும்: யார் முதலில் பேசினார், எந்தத் தொனியில், கையில் என்ன இருந்தது, உடம்பில் என்ன ஒட்டியிருந்தது. சப்டைட்டில் கட்டாயம் போடுங்கள். ஸ்கல்லியும் மல்டரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசுகிறார்கள், அந்த வெட்டுகளில்தான் பாதிச் சிரிப்பு.

ஏற்கெனவே பார்த்தவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்: சிரிப்பு வரப்போகிற இடத்துக்கு முன்னால் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. "இப்போ பாருங்க" என்று தட்டினால் அந்த இடம் செத்துப்போகும். வாத்தியாரை இதற்காகவே முன்வரிசையில் உட்கார வைப்பேன். பின்னால் இருப்பவர்களை அவர் திரும்பிப் பார்க்க முடியாது.

சாப்பாடு என்ன என்று கேட்டால் பீட்சாதான். கதையில் அதற்கு வேலை இருக்கிறது. ஆனால் முதலிலேயே பரிமாறாதீர்கள். ஸ்கல்லியின் கதையில் ஒரு இடம் வருகிறது. ஒரு பிணத்தை அறுத்துவிட்டு மோட்டலுக்கு வந்து, காசு போட்டால் அதிரும் கட்டிலில் அப்போதுதான் காலை நீட்டியிருப்பாள். உடம்பெல்லாம் சேறாக மல்டர் வந்து நின்று, இன்னொரு பிணம் வந்திருக்கிறது, போ என்கிறான். அதற்கு முன்னால் அறுத்த பிணத்தின் இரைப்பையில் பீட்சா. மேலே என்னென்ன போட்டிருக்கிறது என்று டாக்டர் குரலில் ஒவ்வொன்றாகப் பதிவு செய்துகொண்டே வருகிறவள், காளான் என்றதும் நிற்கிறாள். அவளுக்குப் பசி. கையில் ஒரு பிணத்தின் இரைப்பையை வைத்துக்கொண்டு அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது. கில்லியன் ஆண்டர்சன் முகத்தில் ஒரு தசையைக்கூட அதிகமாக அசைக்காமல் இதைச் செய்கிறார். இந்த இடம் தாண்டிய பிறகு பீட்சாப் பெட்டியைத் திறந்தால் அறையில் எழும் சத்தமே தனி. பெட்டியோடு கொஞ்சம் சூரியகாந்தி விதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

எபிசோடு முக்கால் மணி நேரம். நடுவில் ஒரே ஒரு இடத்தில்தான் நிறுத்த வேண்டும்: ஸ்கல்லி சொல்லி முடித்து, மல்டர் தொடங்கப் போகும் இடம். அங்கே நிறுத்தி விளக்கைப் போடுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டுவிடாதீர்கள். ஸ்கல்லி கட்சியில் ஒருவரைக் கூப்பிட்டு ஒரே ஒரு காட்சியைச் சொல்லச் சொல்லுங்கள்: அந்த ஊர் போலீஸ் தலைவரான ஷெரீஃப் ஹார்ட்வெல்லை அவர்கள் முதன்முதலில் சந்தித்த காட்சி. ஆள் எப்படி இருந்தான், எப்படிப் பேசினான், ஸ்கல்லி என்ன செய்தாள், மல்டர் என்ன செய்தான். மற்றவர்கள் விட்டுப்போனதைச் சேர்க்கலாம். ஐந்து நிமிடம். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு மல்டரின் பாதியைப் போடுங்கள்.

இதற்கான பலன் சில நிமிடங்களில் கிடைத்துவிடும். ஸ்கல்லியின் கதையில் வரும் ஷெரீஃப் அழகன், மென்மையான தெற்கத்திப் பேச்சு, அவளை மரியாதையோடு பார்க்கும் கண். நடித்தவர் லூக் வில்சன். மல்டரின் கதையில் அதே லூக் வில்சன் வருகிறார், மேல் உதட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் முன்பல்லோடு. ஒரு விளக்கமும் கிடையாது, ஆள் வாயைத் திறக்கிறான், பல் இருக்கிறது, அவ்வளவுதான். என் அக்கா மகள் அன்றைக்குக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

"சித்தி, இவனுக்கு முதல்ல பல் இப்படி இல்லையே! நான் எழுதி வெச்சிருக்கேன் பாருங்க, 'சிரிச்சா நல்லா இருக்கான்'னு!"

"மல்டர் கண்ணுக்கு இப்படித்தான்மா தெரிஞ்சிருக்கு" என்றார் வாத்தியார், திரும்பாமலே.

பத்து நிமிடத்துக்கு முன்னால் அவள் வாயாலேயே அந்த முகத்தை வர்ணித்திருந்ததால்தான் இந்த அதிர்ச்சி. நிறுத்தாமல் ஓட்டினால் பார்ப்பவர் சிரித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவார். சொல்லிப் பார்த்தவருக்கு அது தன் சாட்சியத்தை யாரோ மறுப்பது மாதிரி உறைக்கிறது.

எபிசோடு முடிந்ததும் அறிக்கை நேரம். ஸ்கின்னராக இருப்பவர் கேட்கக் கூடியது யார், எங்கே, என்ன, அடுத்து என்ன. ஏன் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் உடனே தத்துவம் ஆரம்பித்துவிடும். ஒரு கட்சி சொல்லும்போது எதிர்க்கட்சி "அப்படி இல்லை" என்று குறுக்கிடலாம், ஆனால் குறுக்கிட்டவர் தன் பக்கத்தில் அது எப்படி நடந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். என் கணவர் ஸ்கின்னராக இருந்தபோது மொத்த விசாரணையும் ஒரே கேள்வியில் சுற்றியது: மல்டர் மோட்டலுக்கு ஏன் சேறோடு வந்தான் என்று அவர் கேட்கவில்லை, "எங்கே போயிட்டு வந்தான்?" என்றுதான் கேட்டார். ஸ்கல்லி கட்சியிடம் பதில் இல்லை. அவள் கதையில் அவன் சேறாக வந்து நிற்கிறான், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். மல்டர் கட்சி எழுந்து சொன்னது: ஆளே இல்லாமல் வட்டமடித்துக்கொண்டிருந்த ஒரு வேனை நிறுத்தப் போய், அதைப் பிடித்துத் தொங்கி, தரையோடு இழுபட்டு வந்த கதையை. ஒருவர் கதையில் எரிச்சலாக இருந்தது இன்னொருவர் கதையில் பட்ட பாடாக மாறுகிற இடம் இது. இதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து ஒவ்வொருவரும் தன்னைத்தானே எப்படிச் சொல்லிக்கொள்கிறார் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். ஸ்கல்லி சொல்லும் கதையில் ஸ்கல்லி பொறுமைசாலி, மல்டர் யார் பேச்சையும் காதில் வாங்காமல் துள்ளிக் குதிக்கிறவன். மல்டர் சொல்லும் கதையில் மல்டர் தயங்கித் தயங்கிப் பேசும் சாது, ஸ்கல்லி எடுத்ததற்கெல்லாம் முகத்தைச் சுளிப்பவள். ஷெரீஃபைப் பார்த்தால் மட்டும் உருகுபவள். டேவிட் டுகோவ்னியும் கில்லியன் ஆண்டர்சனும் ஆளுக்கு இரண்டு வேடம் போட்டிருக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும். ஆண்டர்சன் தனக்கு ரொம்பப் பிடித்த எபிசோடு என்று இதைச் சொல்லியிருக்கிறார், ஆச்சரியமில்லை. இங்கே உங்கள் கூட்டத்தில் வேலைக்குப் போகிற பெண்கள் இருந்தால் கொஞ்சம் ஒதுங்கி அவர்களைப் பேசவிடுங்கள். என் நர்ஸ் தோழி அன்றைக்குச் சிரிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டு பேர் கதையிலும் மாறாத ஒன்று இருக்கிறது, பிணத்தை அறுத்தது ஸ்கல்லி மட்டும்தான், ஒரே நாளில் இரண்டு தடவை என்றாள். மல்டர் தன்னை எவ்வளவு நல்லவனாகச் சொல்லிக்கொண்டாலும் அந்த வேலையைத் தான் செய்ததாக அவனால் சொல்ல முடியவில்லை. எனக்கு அது அதுவரை தோன்றாத பார்வை. அதற்குப் பிறகு அந்த எபிசோடை வேறு மாதிரிதான் பார்க்கிறேன்.

இப்போது சூரியகாந்தி விதை. மல்டரின் கதையில், மயக்க மருந்து கலந்த பீட்சாவைத் தின்று எழுந்திருக்க முடியாமல் கிடக்கும் அவன், நெருங்கி வரும் ரோனி முன்னால் விதைகளை விசிறுகிறான். ரோனி அலுத்துக்கொண்டே குனிந்து பொறுக்க ஆரம்பிக்கிறான். இது கில்லிகன் கற்பனை செய்ததில்லை. விதையையோ தானியத்தையோ கொட்டினால் ரத்தக்காட்டேரி எல்லாவற்றையும் எண்ணி முடிக்காமல் நகராது என்பது கிழக்கு ஐரோப்பாவின் பழைய நாட்டார் நம்பிக்கை. கசகசா, தினை எல்லாம் இதற்காகக் கல்லறையைச் சுற்றித் தூவியிருக்கிறார்கள். மல்டர் எந்நேரமும் சூரியகாந்தி விதை கொறிப்பவன் என்பது தொடரின் பழைய ரசிகர்களுக்குத் தெரியும், ஆக அவன் சட்டைப்பையில் இருப்பதே ஆயுதமாகிறது. இந்த இடத்தில் கிண்ணத்தைச் சுற்றில் விட்டுவிட்டு, விஷயம் தெரிந்தவரை இரண்டு நிமிடம் பேசவிடுங்கள். செத்தவர்களின் ஷூ லேஸ் அவிழ்ந்திருப்பதை மல்டர் கவனித்ததும் இதே நம்பிக்கையைச் சேர்ந்ததுதான், முடிச்சைக் கண்டாலும் ரத்தக்காட்டேரி அவிழ்க்காமல் விடாதாம். காகிதத்தில் லேஸைக் குறித்து வைத்தவர் யாராவது இருந்தால் பாராட்டுங்கள்.

யாராவது ஒருவர் 'ராஷோமோன்' என்பார். சரிதான். ஒரே சம்பவத்தைப் பலர் பலவிதமாகச் சொல்லும் அந்தப் படத்தில் ஜப்பானிய இயக்குநர் குரோசவா 1950-ல் போட்ட பாதைதான் இது. தமிழிலும் 1954-லேயே 'அந்த நாள்' படம் வந்தாயிற்று. ஒரு வரியில் ஒப்புக்கொண்டு நகர்ந்துவிடுங்கள், ஒப்பீட்டில் இறங்கினால் இந்த எபிசோடு கையை விட்டுப் போய்விடும். மல்டருக்கும் ஸ்கல்லிக்கும் நடுவில் இருப்பது காதலா இல்லையா என்ற வழக்கையும் பீட்சா தீரும்வரை ஒத்திவையுங்கள். அது எந்த எபிசோடை வைத்தும் நடத்தக்கூடிய வழக்கு.

கடைசியாகத் தீர்ப்பு. யார் சொன்னது சரி? இங்கே அவசரப்படாமல் எபிசோடின் பின்பாதியைத் திரும்ப நினைவுபடுத்துங்கள். ரோனியின் நெஞ்சிலிருந்து கட்டையைப் பிடுங்கியதும் அவன் எழுந்துவிடுகிறான். இருவரும் மறுபடி சேனிக்குப் போகிறார்கள். இப்போது நடப்பது யாருடைய கதையும் இல்லை, நேராக நாமே பார்க்கிறோம். ஷெரீஃப் வருகிறான். பல் ஒழுங்காகத்தான் இருக்கிறது. பல் விஷயத்தில் ஸ்கல்லி சொன்னது சரி. ஆனால் அந்த அழகான ஷெரீஃப் கொடுத்த காபியில் மயக்க மருந்து, இருட்டில் அவன் கண் பச்சையாக மின்னுகிறது. ஊரே ரத்தக்காட்டேரி ஊர். நாங்கள் ஒழுங்காக வரி கட்டுகிறோம், அக்கம்பக்கத்தோடு நல்லபடியாக இருக்கிறோம், இந்த ரோனிதான் அடக்கமாக இருக்கத் தெரியாமல் மானத்தை வாங்குகிறான் என்று ஷெரீஃப் ஸ்கல்லியிடம் வருத்தப்பட்டுக்கொள்கிறான். ஆக வழக்கு விஷயத்தில் மல்டர் சொன்னது சரி. ஒருவர் மனிதரைச் சரியாகப் பார்க்கவில்லை, இன்னொருவர் பொறாமையில் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. இரண்டு கட்சியும் இதை ஒப்புக்கொள்ள மறுக்கும், மறுக்கட்டும். உங்கள் ஸ்கின்னரைப் பத்து வரியில் ஒரே அறிக்கை எழுதச் சொல்லி, அதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எந்த விவரத்தை எந்தக் கட்சியிடமிருந்து எடுத்தார் என்று எல்லோரும் உற்றுக் கேட்பார்கள். என் கணவர் ஷெரீஃபின் பல்லை அறிக்கையில் சேர்க்கவே இல்லை, அதற்கு மல்டர் கட்சி போட்ட சண்டையில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது.

அன்றைக்கே இன்னொரு எபிசோடு போடச் சொல்வார்கள். வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு 1995-ல் வந்த 'கிளைடு புருக்மன்ஸ் ஃபைனல் ரெபோஸ்' நல்ல தேர்வு. எழுதிய டேரின் மார்கனுக்கும் நடித்த பீட்டர் பாயிலுக்கும் எம்மி விருது வாங்கிக் கொடுத்தது. அதில் சிரிப்புக்கு அடியில் மரணம் இருக்கிறது, பேச நிறைய இருக்கும். 1996-ல் அதே மார்கன் எழுதிய 'ஜோஸே சுங்ஸ் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' இதைவிடச் சிக்கலானது, ஒரு கதைக்குள் ஐந்தாறு பேர் கதை சொல்கிறார்கள். கட்சி பிரிக்கும் முறை அதற்கு ஒத்துவராது. ஆளுக்கொரு பாத்திரத்தைக் கொடுத்து அவர் சொன்னதை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். 1997-ல் கில்லிகன் எழுதிய 'ஸ்மால் பொட்டேட்டோஸ்' பலருக்குப் பிடித்தது, ஆனால் உருமாறுகிற ஒருவன் பெண்களை ஏமாற்றுவதுதான் அதன் அடிப்படை. எல்லோரும் ஒருவருக்கொருவர் பழகிய பிறகு, அதைப் பேசத் தயாரான கூட்டத்துக்கு மட்டும் போடுங்கள். 'பேட் பிளட்' காகிதங்களைத் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். ஒரு வருடம் கழித்து கட்சியை மாற்றிப் போட்டு மறுபடி நடத்தலாம். போன தடவை மல்டர் பக்கம் பேசியவர் இப்போது ஸ்கல்லிக்காக வாதாட வேண்டும்.